ஒன்பதாம் பிரிவு

காலை ஏழு மணிக்குச் சரவணம்பட்டி உயர்குடியிருப்பின் எழுபத்து மூன்றாம் மாடியில் கதவுகள் திறக்கும். மேகங்கள் உள்ளே வந்து காயப்போட்ட துணியை நனைத்துவிட்டுப் போகிற உயரம் அது. தாரணி கஞ்சி ஃபிளாஸ்கோடு எதிர்வீட்டுக்குப் புறப்படுவாள். எதிர்வீட்டு ஆதிரா இன்னொரு ஃபிளாஸ்கோடு தாரணியின் வீட்டுக்கு வருவாள்.

"எங்கூட்டுக்காரரு நேத்து சாப்பிட்டாருங்களாக்கா?" என்று தாரணி கேட்பாள். தன் கணவர் பிரணவைப் பற்றித்தான்.

"அரை இட்லி. அதை ஊட்டறதுக்குள்ள எனக்கு அரை ஆயுசு போயிருச்சு. எங்காளு எப்படி?"

"லோகித் அண்ணனுக்கு என்னங்க்கா, விட்டா தட்டையும் சேர்த்துத் தின்னுருவாரு."

அந்த மாடி முழுக்க இதே கூத்துதான். இயந்திரச் செவிலியை வாடகைக்கு எடுக்க வசதியில்லாத வீடுகளில் இவள் புருஷனை அவள் குளிப்பாட்டுவாள், அவள் புருஷனை இவள். எல்லாம் இணைவொப்பந்தம் செய்த வேலை. கல்யாணத்துக்கு முன்னால் யார் பணம் யாருக்கு என்று எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் ஒரு காலத்தில் ஒரே தாளில் அடங்கியதாம். வழக்கறிஞர்கள் அதற்கு உரம் போட்டு வளர்த்தார்கள். பிரணவ், தாரணி கல்யாணத்தன்று மாப்பிள்ளையைத் தூக்க இரண்டு பேர் போதுமாக இருந்தது. ஒப்பந்தத்தைத் தூக்க நாலு பேர்.

அதில்தான் ஒன்பதாம் பிரிவு இருந்தது. நோயாளிக் கணவனைக் கவனித்துக்கொண்ட மனைவிக்குச் சொத்தில் பங்குண்டு என்று ஏதோ ஒரு நீதிமன்றம் நல்ல மனதோடு தீர்ப்பெழுதியது. பங்கு வந்தால் கடனும் வரத்தானே வேண்டும் என்று கடன்காரர்கள் வாதாடி ஜெயித்தார்கள். அன்றிலிருந்து கணவன் மனைவியில் ஒருவர் மற்றவருக்குத் தன் கையால் நோய்ப்பணி செய்தால், இருவர் சொத்தும் ஒன்று, இருவர் கடனும் ஒன்று. ஒவ்வொரு வீட்டிலும் கூரையிலிருந்து இல்லச்சாட்சி என்ற கருவி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். எதிர்வீட்டுக்காரி செய்தால் மட்டும் அதற்குக் கண் தெரியாது.

பிரணவின் பம்ப்செட் ஆலை மூழ்கியபோது கடன் மருதமலைக்கு மேல் ஒரு மலையாக நின்றது. வீடோ தாரணியின் சம்பளத்தில் வாங்கியது. அது ஒன்றுதான் மிச்சம். படுக்கையில் விழுந்த அன்றே அவர் சொல்லிவிட்டார்: "என்னைத் தொட்டுராதே தாரணி. ஊடு போயிரும்." ஆறு வருடமாக அவள் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை ஆதிரா ஃபிளாஸ்கைத் திறக்காமல் நின்றாள்.

"டாக்டர் திரையில வந்து பார்த்தாரு. உங்கூட்டுக்காரருக்கு இன்னிக்குத் தாண்டாதுன்னாரு தாரணி."

தாரணி எதிர்வீட்டுக்குப் போகவில்லை. திரும்பி உள்ளே வந்து கையை நீட்டினாள்.

"குடுங்க்கா, நான் ஊட்டறேன்."

"வேண்டாங் கண்ணு. அப்புறம் எங்க போயி இருப்பே?"

"எங்கியோ. கடைசி வாயாவது எங்கையால போகட்டும்."

"ஒன்பதாம் பிரிவு," என்றது இல்லச்சாட்சி, கல்யாண மண்டப வரவேற்பாளர் குரலில். "தொடர விருப்பமா?"

"விருப்பந்தான். வாயை மூடு."

கட்டிலில் உட்கார்ந்தாள். கஞ்சியில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டாள். மோவாயை அழுத்திப் பிடித்து ஸ்பூன் நிறைய உள்ளே தள்ளினாள். பிரணவுக்குப் புரையேறியது. முகம் சுளித்தது. கஞ்சி கழுத்தில் வழிந்தது. அப்போதுதான் தாரணிக்கு உறைத்தது. சர்க்கரை லோகித்துக்குப் பிடித்தது. அந்த அழுத்தமும் லோகித்துக்குப் பழக்கப்பட்டது. தன் கணவருக்கு எப்படி ஊட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வாழ்த்துகள்," என்றது இல்லச்சாட்சி. "இன்று முதல் நீங்கள் இருவரும் ஒன்று."

பிரணவ் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார். கோபமில்லை. விருந்தாளி சிரமப்படுவதைப் பார்க்கிற மாதிரி ஒரு சங்கடம்.

"நீ எதுக்குத் தாரணி இதெல்லாம்..." குரல் தேய்ந்தது. "ஆதிராவ வரச்சொல்லு. அவளுக்குத் தெரியும்."

ஆதிரா தாரணியின் முகத்தைப் பார்க்காமல் வந்து உட்கார்ந்தாள். தலையை முழங்கையில் தாங்கி, கன்னத்தின் உட்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பிரணவ் விழுங்கினார். அவருடைய கை போர்வைமேல் துழாவி, ஆதிராவின் சேலை முந்தானை கிடைத்ததும் பற்றிக்கொண்டு அடங்கியது.

தாரணி, இனித் தன்னுடையதில்லாத சுவரில் சாய்ந்து நின்றாள். எதிர்வீட்டிலிருந்து லோகித் பசிக்கிறது என்று குரல் கொடுத்தார். அவள் கால்கள் தாமாகவே நடந்தன. அவருக்கு வாய் துடைத்து, தலையணையைச் சரியாக அவர் கேட்காமலேயே இடப்பக்கம் நகர்த்தி வைத்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.