கட்டைவிரலில் ஒரு ரிப்பன்

பனியா அது... ஆளையே முழுங்கிவிடும் போலிருந்தது! காலை எட்டு மணிக்கும் கல்வராயன் மலைப்பாதை விடியவில்லை. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தின் நாலாம் நாள். போராட்டக்காரர்கள் பாதையின் குறுக்கே வெட்டிச் சாய்த்த புளியமரத்துக்குப் பின்னால் ஒரு பஸ் மட்டும் தனியாக நின்றது.

கரியாலூர் அக்கா வீட்டிலிருந்து நடந்தே இறங்கி வந்த கலையரசி, கால் வலியில் அதில் ஏறினாள். மெட்ராஸில் ஆறு வருஷமாகப் புற்றுநோய் வார்டு நர்ஸ். போன மாதம் மட்டும் பதினோரு சாவு... ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நானும் செத்துவிட்டேனோ என்ற பயத்தில்தான் லீவு போட்டு வந்தாள். இங்கேயும் பனிக்குள்ளிருந்து, அவள் காதுக்கு மட்டும், "சிஸ்டர்... சிஸ்டர்..." என்று யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கடைசி சீட்டில் ஒருவன் மல்லாந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது. கை சில்லிட்டிருந்தது. அடப் பாவமே, எவ்வளவு நீளமான இமைகள்! அவள் கைகள் தாமாகவே வேலையைத் தொடங்கின. தாடையை மூடின. கால்களை நேராக்கின. அவள் பின்னல் ரிப்பனை உருவி, அவன் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டின.

பிணம் கண்ணைத் திறந்தது.

"யம்மாடி! இன்னாங்க பண்றீங்க?"

கலையரசி அலறிவிட்டாள்.

"நான் கண்டக்டருங்க... தமிழ்வேந்தன். பஸ்ஸ வுட்டுட்டுப் போவ முடியாம மூணு நாளா இங்கியே கெடக்கறன். எங்கம்மா கால்கட்டு போட பொண்ணு தேடிக்கினு இருக்கு, நீங்க முந்திக்கினீங்களே!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னாலேயே நகர்ந்தாள்.

"நான் நாடியே பாக்கலீங்க... உயிர் எது, பொணம் எதுன்னே எனக்குத் தெரியாமப் பூடுச்சு. கிட்ட வராதீங்க!"

இறங்கி ஓடினாள். பின்னால் 'தொப்'பென்று சத்தம். கட்டு அவிழ்க்காமல் எழுந்தவன் குப்புற விழுந்திருந்தான். அவ்வளவுதான், திரும்பி ஓடிவந்தாள்.

அவன் மணிக்கட்டை நீட்டினான். "இப்ப பாருங்க."

விரலுக்கடியில் துடித்தது... எண்ணினாள். பனிக்குள் கூப்பிட்ட குரல் மெல்ல அடங்கியது.

"நூத்தி இருவது... காய்ச்சலா?"

"நீங்க கைய வச்சதும் வந்துச்சுங்க. சத்தியமா உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. வூட்டுக்கு வந்து பொண்ணு கேக்கட்டா?"

கையை விடாமலே அழுதாள். எத்தனை மாதத்து அழுகையோ, நிற்கவே இல்லை.

"எனக்கும் உங்கள... ஆனா மொதல்ல தூங்கணுங்க. ஆறு வருஷத் தூக்கம்... எழுப்பாதீங்க."

அவன் சீட்டை உதறி, தன் துண்டை மடித்துத் தலைமாட்டில் வைத்தான்.

"எழுப்ப மாட்டன். அப்பப்ப நாடி மட்டும் பாத்துக்கறன்."