மேல்தளத்துக்கு ஒரு கொள்கலம்

நிலவின் மேல்தளத்தில் குளிகை போடாமல் யாரும் சாப்பிட உட்காருவதில்லை. உட்கார்ந்தால் ஓர் இட்லிகூடச் செரிக்காது. மூன்று தலைமுறையாகக் காற்று, தண்ணீர், தரை என்று எல்லாவற்றையும் கொல்கதிரால் சுத்தம் செய்ததில், குடலில் வாழ்ந்த நல்ல நுண்ணுயிர்க் கூட்டமும் பூண்டோடு அழிந்துபோயிருந்தது. 'நுண்குடி' என்று பெயர் சூட்டி, அதைத்தான் குளிகையில் அடைத்து விழுங்கினார்கள். யார் வயிற்றிலிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

வந்தது அஞ்சுகத்தின் வயிற்றிலிருந்து. குளிகைக்குத் தோதாக இருந்தது அவளுடையது மட்டும்தான். கீழ்த்தளத்தில் கழிவை மண்ணாக்குகிறவள் அவள். அவள் வீட்டுக் கழிப்பறையிலேயே குழாய் பொருத்தி உறிஞ்சிக்கொண்டார்கள். அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. கவலையெல்லாம் மகள் செங்கமலத்தைப் பற்றித்தான். ஆலையில் காரநீர் தெறித்து இரண்டு கண்ணும் மங்கிவிட்டன. அறுவைக்கூடம் மேல்தளத்தில் மட்டுமே உண்டு.

பூமிக்கும் நிலவுக்கும் சட்டம் எழுதும் நலப் பேரவையிலிருந்து, அவள் கொடுத்த மனுவுக்குப் பதில் சொல்ல, தயாளன் என்ற அதிகாரி வீட்டுக்கு வந்தார்.

"விதி அப்படிம்மா. கீழ்த்தளத்து ஆளு மேல வரணும்னா, குடலைக் கதிர் காட்டித் துடைச்சிட்டுத்தான் வரணும்."

"துடைச்சிட்டா எம்புள்ள எதைத் தின்னு செரிக்கும்? கீழ இருக்கறவங்களுக்குக் குளிகை கொடுக்கறீங்களா?"

"அதுக்கு விதியில இடமில்லையே."

அஞ்சுகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க வயித்துல இருக்கறது உங்க வயித்துக்குள்ள போகலாம். எம்புள்ள உங்க வாசல்ல கால் வைக்கக் கூடாதா? நல்லா இருக்கு சார் உங்க சுத்தம்." உள்ளே போனவள் குழாயைப் பிடுங்கிக் கூடத்தில் எறிந்தாள்.

ஒரு வாரத்தில் மேல்தளமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது. பேரவை அவசரமாகக் கூடியது. விதியைத் திருத்தினால் மரியாதை போய்விடும் என்று வெட்கமில்லாமல் விடிய விடியப் பேசி, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தது. நுண்குடி மேல்தளத்துக்கு வரத் தடையில்லை. ஆகவே செங்கமலத்தின் நுண்குடிதான் பயணி, செங்கமலம் அதன் கொள்கலம். துணைக்கு வரும் தாய் இன்னொரு கொள்கலம். இருவரையும் சரக்குத் தூக்கியில் ஏற்றினார்கள். மகளின் கண்ணுக்காக அஞ்சுகம் அதையும் பொறுத்துக்கொண்டாள்.

அறுவை நன்றாகவே நடந்தது. கட்டு அவிழ்த்ததும் செங்கமலம் தண்ணீர் கேட்டாள். தாதி காகிதக் குவளையில் ஊற்றி மேசை ஓரத்தில் வைத்துவிட்டு விலகி நின்றாள். பிள்ளை குடித்து முடித்ததும் குவளையை இடுக்கியால் எடுத்து எரிகலனில் போட்டாள். மற்ற படுக்கைகளில் எவர்சில்வர் டம்ளர்கள் இருந்தன.

புதுக் கண்ணால் செங்கமலம் அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, எனக்கு மட்டும் ஏன் டம்ளர் தரல?"

அஞ்சுகம் தாதிக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

"அவங்களுக்கு நம்ம வயிறு வேணும்டி. வாய் வேண்டாம்."