பார்க்காதவை பெட்டி

“மொத்தம் எத்தனை அறிக்கையை வெட்டினாய்?” என்று கேட்டார் பேராசிரியை பத்மலோசனி.

“நானூற்று முப்பதில் நானூற்று இருபத்தொன்று, மேடம். மிச்சம் ஒன்பதுதான்.”

“சபாஷ்!” என்றார் பக்கத்தில் இருந்த சவரிமுத்து. தூத்துக்குடியில் இறால் பதப்படுத்தும் குளிர்கிடங்கின் மேலாளர். இன்றைக்கு வெளித் தேர்வாளர். “முன்னெல்லாம் அறிக்கை படிச்சு முடிக்க மத்தியானம் ஆயிரும். இப்போ காப்பி ஆறுறதுக்குள்ள முடிஞ்சுருது.”

செவ்வந்தி சிரித்தாள்.  மேலாண்மைத் தகவல் அமைப்பில் இரண்டு வருட முதுகலைப் படிப்பு. அதற்கு இந்த ஒரு மணி நேரத்தில் தீர்ப்பு.

அவள் உருவாக்கிய ‘கண்வடி’ என்ற தகவல் வடிகட்டி அந்தக் கிடங்கில் ஏழு மாதமாக ஓடுகிறது. திரைக்கு மேலே கடுகளவு கண் ஒன்று. பார்ப்பவரின் விழி எதில் நிற்கிறது, எதைத் தாண்டிப் போகிறது என்று அது கவனித்துக்கொண்டே இருக்கும். நாற்பது நாள் பார்வை படாத தகவலும், அதை அனுப்புகிறவரும், சத்தமில்லாமல் ‘பார்க்காதவை’ பெட்டிக்குப் போய்விடுவார்கள். முதலில் அவள் அதைப் பொருத்திப் பார்த்தது தன் மேசையிலும் பேராசிரியையின் மேசையிலும்தான்.

“விதி தெரியுமில்லையா?” பத்மலோசனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தேவையான தகவல் ஒன்றே ஒன்று அந்தப் பெட்டியில் கிடந்தாலும் ஆய்வு தள்ளுபடி. மறுபடி முதல் வருடம்.”

“தெரியும், மேடம்.”

“அப்படியானால் கிடங்கின் பெட்டியைத் திற. கைக்கு வந்ததை எடு.”

கைக்கு வந்தது நாலாம் அறையின் அம்மோனியாக் குழாய் அழுத்தம். குளிரூட்டும் வாயு. ‘சரி, சரி, சரி’ என்று வருடக்கணக்கில் ஒரே வார்த்தை. யார் பார்ப்பார்கள்?

“பாருங்கள், வெறும் ‘சரி’...” என்று கீழே தள்ளிக்கொண்டே வந்தவளின் விரல் நின்றது.

கடைசி மூன்று நாளும் ‘சரி’ இல்லை. ‘கூடுதல்.’ ‘கூடுதல்.’ இன்று காலை, ‘மிகக் கூடுதல்.’

நிமிர்ந்து பார்த்தாள். எதிரே இருவர் திரையிலும் கண்வடி உண்டு; அந்தப் பக்கம் அவற்றில் வந்திருக்காது. அவர்கள் ஒருநாளும் பார்க்காததைக் கண்வடி எப்படிக் காட்டும்? மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. வெளியே போய் ரகசியமாகப் போன் செய்யலாம். பத்து நிமிடம். பத்து நிமிடம் தாங்குமா குழாய்?

“என்னம்மா நின்னுட்டே?” என்றார் சவரிமுத்து.

“சார், நாலாம் அறையில் இப்போ யார் இருப்பாங்க?”

“இறால் உரிக்கிற பொம்பளைங்க. அறுபது பேர் இருப்பாங்க. ஏன்?”

“அம்மோனியாக் குழாயில் மூணு நாளா அழுத்தம் ஏறுது. இப்பவே போன் பண்ணுங்க.”

“விளையாடாதே. என் திரையில ஒண்ணுமில்லையே! அபாயச் சங்கும் ஊதலையே!”

“சங்கு ஊத வாயு வெளியே கசியணும், சார். குழாய்க்குள்ள ஏறுறது அதுக்குத் தெரியாது. உங்க திரையில இல்லாததுக்குக் காரணம் நான். போன் பண்ணுங்க!”

சவரிமுத்து போனை எடுத்தார். “இசக்கியப்பா! நாலாம் அறையில எல்லாரையும் வெளிய வரச்சொல்லும்வே! இயந்திரத்தை நிறுத்தும்! ஏன் எதுக்குன்னு கேக்காதீரும்!”

போனில் கிடங்கு இயந்திரக்காரரின் காலடிகள். இரும்புக் கதவு திறக்கிற சத்தம். பெண்களின் கூச்சல். யாரோ இருமினார்கள். 

“எல்லாரும் வெளிய வந்தாச்சு, சார்.” இசக்கியப்பனுக்கு மூச்சிரைத்தது. “வால்வை மூடிட்டேன். இன்னும் கொஞ்சம் போயிருந்தா...”

“மூணு நாளா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீரு? சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னம்லா, சார்! கிடங்கு விவரமெல்லாம் இனிமே அந்தக் காலேஜ் பிள்ளை வழியாத்தான் வரணும்னு நீங்கதான உத்தரவு போட்டிய? அந்தப் பிள்ளைக்குத்தான் தினமும் அனுப்புனேன். பதிலே இல்ல. பெரிய இடத்துல தெரிஞ்சிருக்கும்னு இருந்துட்டேன்.”

செவ்வந்தி தன் ‘பார்க்காதவை’ பெட்டியைத் திறந்தாள். இசக்கியப்பனிடமிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு செய்தி. எல்லாம் ரோஜாப் படம், ‘இனிய காலை வணக்கம்’. முதல் வாரமே அவள் பார்ப்பதை விட்டிருந்தாள். கடைசி மூன்று ரோஜாவுக்குக் கீழே மட்டும் இரண்டு வரி இருந்தது: ‘அம்மா, நாலாம் ரூம் குழாய் சத்தம் சரியில்ல. ஐயாகிட்ட சொல்லுங்க.’

“அந்த மனிதரை ஏன் வெட்டினாய்?” என்றார் பத்மலோசனி. குரல் கடுமையாக இருந்தது.

“வெட்டவில்லை, மேடம். பார்க்கவில்லை. அவ்வளவுதான்.” அவள் ஆய்வேட்டை மூடி அவர் பக்கம் தள்ளினாள். “தள்ளுபடி என்று எழுதிவிடுங்கள். நான் முதல் வருடத்துக்கே போகிறேன்.”

“இப்படி ஓட்டை இருக்கும் என்று உனக்கு ஒருநாள்கூடச் சந்தேகம் வரவில்லையா? வந்திருந்தால் என்னிடம் கேட்டிருக்க வேண்டாமா?”

செவ்வந்தி பேராசிரியையின் திரை மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்மலோசனி அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தார். மெதுவாகத் தன் ‘பார்க்காதவை’ பெட்டியைத் திறந்தார். ‘மாணவர் கடிதங்கள்’ என்ற கட்டு. அதில், ஐந்து மாதத்துக்கு முந்தைய ஒன்று:

‘மேடம், ஒருவர் பார்க்காதது எல்லாம் வேண்டாததுதானா? எனக்குப் பயமாக இருக்கிறது. பத்து நிமிடம் பேச முடியுமா? — செவ்வந்தி.’

திரைக்கு மேலே இருந்த கடுகளவு கண், அவர் விழி அந்த வரியில் நின்றதைக் குறித்துக்கொண்டது. நாளையிலிருந்து மாணவர் கடிதங்களை அவருக்குக் காட்டும்.