யாரும் மூடாத வால்வு

"தி வால்வ் இஸ் க்ளோஸ்ட்," என்றார் கிரேஸ் பொன்மணி.

வகுப்பு அதைத் திருப்பிச் சொன்னது. ஒரு தாசில்தார், குடிநீர் வாரியப் பொறியாளர்கள், பெரிய மருத்துவமனையின் முதல்வர் வைகுண்டராஜன், அங்கேயே ஆக்சிஜன் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் இசக்கியப்பன் எல்லோரும் குழந்தைகளுக்கான பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

"டீச்சர், கடைசியில 'பை மீ'ன்னு சேக்கணும்லா?" என்று கேட்டார் இசக்கியப்பன்.

"தாராளமாச் சேருங்க. மறுநாள் வேலைக்குப் போற அலைச்சல் மிச்சம்."

முதல்வர்கூடச் சிரித்துவிட்டார்.

எல்லா அலுவலகச் சுவர்களிலும் பொறுப்புமானி மாட்டப்பட்டிருந்த காலம் அது. பேச்சைக் கேட்டு, எந்தக் காரியத்தை யார் செய்தார் என்று பிரித்தெடுத்து, தவறு நடந்தால் செய்தவர் பெயரை அறிவிக்கும் கருவி. இனி இந்த நாட்டில் எந்தத் தவறும் அநாதையாகத் திரியாது என்று திறப்பு விழாவில் அமைச்சர் முழங்கினார். தமிழில் அதை ஏமாற்ற வழியில்லை. 'நான்' என்பதை விழுங்கினாலும் 'மூடினேன்' என்ற சொல்லின் வால் ஆளைக் காட்டிக்கொடுத்தது. 'மூடப்பட்டது' என்றால், பெயர் வரும்வரை "யாரால்? யாரால்?" என்று குடைந்துகொண்டே இருந்தது.

ஆங்கிலத்தில் பேசியவரை மட்டும் அது குடையவில்லை. வடிவமைத்தவர்கள் நம்மூர்க்காரர்கள், ஆங்கிலம் பேசுகிறவரை மடக்கிக் கேள்வி கேட்பது அவர்கள் வளர்ப்பிலேயே கிடையாது. அதிலும் நிகழ்காலத்தில் சொல்லிவிட்டால், உலகத்தில் வழக்கமாக நடக்கிற ஏதோ ஒன்றை ஐயா விளக்குகிறார் என்று எடுத்துக்கொண்டு அடங்கிவிடும்.

அதனால் கிரேஸின் பயிற்சி மையத்தில் இடம் கிடைக்கச் சிபாரிசு தேவைப்பட்டது. ஒரே பாடம்தான். இறந்தகாலம் எப்போது வரும் என்று யாராவது கேட்டால், "அது எதுக்கு உங்களுக்கு? வம்பெல்லாம் அதுலதான் இருக்கு" என்பார்.

அடைமழை நாளொன்றில் அவர் கணவர் தவசிக்கனிக்கு மூச்சுத் திணறியது. பெரிய மருத்துவமனை வேண்டாம், பக்கத்துத் தெரு டாக்டரே போதும் என்றார் அவர். "முதல்வரே என்கிட்டப் படிக்கிறவரு. தாங்கு தாங்குன்னு தாங்குவாங்க, வாங்க," என்று கிரேஸ் விடாமல் கூட்டிப்போய்ச் சேர்த்தார். தாங்கவும் செய்தார்கள். ஜன்னலோரக் கட்டில், தனி விசிறி.

நன்றாகத் தேறிவந்தவருக்கு ஒரு மதியம் ஆக்சிஜன் குழாயில் காற்று நின்றது. கிரேஸ் வராந்தா முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினார். எங்கோ யாரோ ஒரு வால்வை மூடியிருந்தார்கள். அதைத் திறப்பதற்குள் தவசிக்கனி போய்விட்டார்.

விசாரணைக்கு வந்த கிரேஸ் நஷ்டஈடு கேட்கவில்லை. மூடிய ஆளின் பெயர் வேண்டும் என்றார். அது ஒன்றுதான்.

முதலில் இசக்கியப்பன் எழுந்தார். டீச்சரைப் பார்க்காமல், சுவரிலிருந்த பொறுப்புமானியைப் பார்த்துச் சொன்னார்: "தி வால்வ் இஸ் க்ளோஸ்ட்."

கருவி அடக்கமாக இருந்தது.

தலைமைச் செவிலி, "தி டாக்டர் இஸ் இன்ஃபார்ம்ட்," என்றார். டாக்டர், "தி பேஷன்ட் இஸ் எக்ஸாமின்ட்," என்றார். முதல்வர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆல் பேஷன்ட்ஸ் ஆர் மானிட்டர்ட்," என்றார். 'ஆர்' வர வேண்டிய இடத்தில் 'இஸ்' போட்டே பழகிய மனிதர், இன்றைக்குப் பிசகவில்லை. கிரேஸின் தலை தன்னால் 'சரி' என்று ஆடிவிட்டது. ஆடிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"அம்மா, நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார் விசாரணை அலுவலர்.

கிரேஸ் எழுந்தார். இத்தனை பேருக்கு நாக்கைத் திருத்தியவருக்குத் தன் நாக்கு அந்தப் பாடத்துக்குப் புரளவில்லை.

"எனக்கு ஒரே ஒரு பேரு சொல்லுங்கய்யா. போதும். அவுக வரமாட்டேன்னுதான் சொன்னாக. நான்தான் கேக்கல. நான்தான் கூட்டியாந்தேன். என் கையாலதான் இங்க சேத்தேன்..."

காலையிலிருந்து ஒரு ஆள்கூடக் கிடைக்காமல் பட்டினி கிடந்த கருவி மணியடித்தது.

"பொறுப்பாளர் கிரேஸ் பொன்மணி. செயல், இறந்தவரை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. விசாரணை முடிந்தது."

அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கருவி சொன்ன பிறகு அவருக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. முதல்வர் நெடுநேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். நாற்காலிகள் நகர்ந்தன. காவலர் ஒருவர், "வாங்கம்மா," என்று மரியாதையாகக் கிரேஸின் பக்கத்தில் வந்து நின்றார்.

எல்லோரும் வெளியேறிய பின்னும் இசக்கியப்பன் மட்டும் வாசலில் தயங்கி நின்றார். பிறகு திரும்பி வந்து கிரேஸின் காதருகே குனிந்தார். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"என்ன டீச்சர் நீங்க," என்றார். "இங்கிலீஷ்ல சொல்லியிருக்கலாம்லா."