ஆறில் ஒன்று

அந்தச் சனிக்கிழமை மதியம் முன்னறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். சன்னலோர மேசையில் கணினியுடன் நான். எனக்கு எதிரே, கதவைச் சாய்த்து வைத்துக்கொண்டு, என் தங்கை மோரெனிகே. வாசற்படியில் காற்றுக்காக அவள் கணவர் அக்கின்டாயோ. தரையில் விரித்த பாயின் இடது பாதியில் ஆறு வயது கெஹிண்டே. பாயின் வலது பாதியில் யாரும் இல்லை. அங்கே ஒரு தட்டில் பாமாயில் ஊற்றிய பயறு மட்டும் இருந்தது.

அது தைவோவின் இடம். கெஹிண்டேயின் இரட்டை. பிறந்த எட்டாம் மாதத்தில் காய்ச்சலில் போனவள். முதலில் வெளியே வந்தவள் தைவோ என்றாலும், பின்னால் வந்த கெஹிண்டேதான் எங்கள் வழக்கத்தில் அக்கா. எங்கள் இக்போ-ஓரா ஊரில் வீட்டுக்கு வீடு இரட்டையர் உண்டு. ஒன்று இறந்தாலும் அதற்கு உண்டான பங்கை யாரும் நிறுத்துவதில்லை. இரண்டு கவுன், இரண்டு வளையல், இரண்டு தட்டு.

படமும் இரண்டு. கெஹிண்டேயை இடப்பக்கம் உட்கார வைத்து ஒன்று எடுப்பார்கள். அதே உடுப்பில் வலப்பக்கம் நகர்த்தி இன்னொன்று எடுப்பார்கள். இரண்டாவது தைவோவுடையது. என் தங்கை ஒரு நாளும் அதைத் தவறவிட்டதில்லை.

நான் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். எதையும் வகைப்படுத்தி, எண்ணிட்டு வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. விடுமுறைக்கு வந்த இடத்தில் மோரெனிகே தன் போனைக் காட்டி அழுதாள். இடமில்லை, புதுப் படம் ஏறவில்லை, போனும் அடிக்கடி தானாக அணைந்துவிடுகிறது.

"போன் செத்துப்போச்சுன்னா எம் புள்ளைங்க ரெண்டு பேரும் போயிடுவாங்கக்கா. ஏதாவது பண்ணு."

"நான் இருக்கேன்ல, குடு" என்றேன்.

அவளுடைய போன், கணவருடைய போன், என்னுடைய போன் மூன்றிலிருந்தும் எல்லாப் படங்களையும் கணினியில் இறக்கினேன். ஏழாயிரத்துச் சொச்சம். ஆளுக்கு ஆள் அனுப்பி அனுப்பி, ஒரே படம் எல்லாப் போனிலும் கிடந்தது. 'கெஹிண்டே, ஒரு வயது', 'கெஹிண்டே, இரண்டு வயது' என்று கணினியில் கோப்புறைகள் போட்டேன். ஒரே மாதிரியான படங்களைத் தேடித் தரும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டேன்.

வாசற்படியிலிருந்து அக்கின்டாயோ சிரித்தார். "அக்கா, உங்களை விட்டா ஊர்ல இருக்கிற ஆட்டுக்கெல்லாம் நம்பர் போட்டுடுவீங்க."

"உங்க ஆட்டைத்தான் முதல்ல போடணும். தினமும் கொடியில காயற என் துணியை மேயுது."

எல்லோரும் சிரித்தோம். அந்த வீட்டில் அதுதான் கடைசிச் சிரிப்பு.

திரையில் படங்கள் ஆறு ஆறாகக் குவிந்து நின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை நீக்கவா என்று கேட்டது. மூன்று போன்கள், அதனால் பிரதிகள் என்று மட்டும் என் புத்தி பார்த்தது. ஆம் என்று அழுத்தினேன். வைத்துக்கொண்டவற்றை வன்தட்டில் ஏற்றிச் சரிபார்த்தேன். பிறகு மூன்று போன்களையும் காலி செய்தேன்.

ஆறில் ஒன்றை வைத்துக்கொண்டேன்.

இரண்டை வைத்திருக்க வேண்டும்.

சொன்னது மோரெனிகேதான். மாலையில் வன்தட்டைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "இதோட சோடி எங்கேக்கா?" அடுத்த படம், அதற்கடுத்த படம். அவள் குரல் ஏறவில்லை, இறங்கிக்கொண்டே போனது. "ஒருத்திதான் இருக்கா. எல்லாத்துலயும் ஒருத்திதான் இருக்கா."

வறண்ட ஹார்மட்டான் காற்றின் புழுதி அன்றிலிருந்து வீட்டுக்குள் படிந்தது. துடைக்கத் துடைக்கப் படிந்தது. பாயில் உட்காரும்போது கெஹிண்டே தன் பாதியை விட்டு நகர்ந்து நகர்ந்து வலப்பக்கம் போனாள். இரண்டு தட்டுப் பயறையும் அவளே உண்டாள். உண்டும் மெலிந்தாள்.

திங்கட்கிழமை மோரெனிகே அவள் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். திடீரென்று சீப்பு கீழே விழுந்தது.

"அக்கா, இங்க வா. தழும்பைப் பாரு."

இரண்டு வயதில் தண்ணீர்க் குழாயில் மோதியதால், கெஹிண்டேயின் இடது புருவத்தில் ஒரு விரல் நகம் நீளத்துக்குத் தழும்பு உண்டு. இப்போது அது பாதிதான் இருந்தது.

நான் ஓடிப்போய் வன்தட்டைச் சொருகினேன். போன மாதப் படத்தில் தழும்பு இல்லை. போன வருடத்துப் படத்தில் இல்லை. பின்னோக்கிப் பின்னோக்கித் தேடினேன். மூன்று வயதுப் படங்களில்தான் கிடைத்தது, அதுவும் மங்கலாக.

மறுநாள் அவற்றிலும் இல்லை.

காய்ச்சல் தொடங்கியது. மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்து, மலேரியா இல்லை, ஒன்றும் இல்லை என்றார்கள். அக்கின்டாயோ என் கணினியைத் தூக்கிக்கொண்டு, அழிந்ததை மீட்டுத் தருகிற ஒரு கடைக்கு ஓடினார், பின்னாலேயே நானும். கடைக்காரர் கெட்டிக்காரர். அழித்த படங்களில் பெரும்பாலானவற்றை மீட்டுவிட்டார். முதல் படத்தைத் திறந்தார்.

பாய் இருந்தது. சுவர் இருந்தது. பிறந்தநாள் கேக் இருந்தது.

பிள்ளை இல்லை.

நூறு படம் திறந்தோம். நூறு பாய், நூறு சுவர். கடைக்காரர் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கணினியை எங்கள் பக்கம் தள்ளினார்.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளை என் மடியில் கிடந்தாள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. மூச்சில் ஈரமண் வாசனை. அந்த மாதத்தில் எங்கள் ஊரில் எங்கேயும் ஈரமண் கிடையாது. சாய்ந்திருந்த கதவு, காற்றில்லாமல், ஒருமுறை அசைந்தது.

"கெஹிண்டே, கொஞ்சம் தண்ணி குடிம்மா."

கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "அக்கா தூங்குறா. எழுப்பாதீங்க."

கெஹிண்டேக்கு அக்கா யாரும் இல்லை.

பிள்ளை மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற குரலில், என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, கேட்டாள்.

"பெரியம்மா, என்னைத்தானே வெச்சுக்கிட்டீங்க?"

தண்ணீரை அவள் உதட்டருகே கொண்டுபோனேன். என்ன சொல்லியிருந்தாலும் தப்பாகத்தான் போயிருக்கும்.

அடுத்த திங்கட்கிழமை தழும்பு ஒரு எள்ளளவு இருந்தது. மோரெனிகே அதைக் கட்டை விரலால் மூடி வைத்துக்கொண்டு, விரலை எடுத்தால் அதுவும் போய்விடும் என்பதுபோல, சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அக்கின்டாயோவுக்கு நினைவு வந்தது.

"சிஜு! உன் பழைய போனை சிஜுகிட்ட குடுத்தோமே!"

சிஜுவாடே அவருடைய தம்பி. நியூ புஸ்ஸாவுக்கு அப்பால், ஏரிக்கரையில் மீனவர்களின் படகு எந்திரங்களைப் பழுது பார்க்கிறான். பாட்டுக் கேட்கட்டும் என்று போன வருடம் அந்தப் போனைக் கொடுத்திருந்தார்கள். அதில் இருந்த படங்களை யாரும் அழிக்கவில்லை. ஐந்து வருடப் படங்கள், சோடி சோடியாக. அங்கே டவர் கிடையாது. நேரில் போகலாம் என்றால், அக்கின்டாயோ பிள்ளையை விட்டு நகர மாட்டேன் என்றார்; மோரெனிகேயை அந்த நிலையில் விட்டுப் போக என்னாலும் முடியவில்லை. வாரத்தில் இரண்டு முறை போகிற வண்டியில் கடிதம் கொடுத்தால் அன்று மாலையே போய்ச் சேரும்.

செவ்வாய் விடியற்காலையில் எழுத உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் எவ்வளவோ கடிதம் எழுதியிருக்கிறேன். இதற்கு மட்டும் மூன்று தாளைக் கிழித்தேன்.

'அன்புள்ள தம்பி சிஜுவாடேக்கு. ஒன்று, உன்னிடம் இருக்கும் பழைய போனில் எதையும் அழிக்காதே. இரண்டு, அதை அணைத்து, துணியில் சுற்றி, இந்த ஓட்டுநரிடமே கொடுத்தனுப்பு. மூன்று, ஏன் என்று கேட்காதே. நம் பிள்ளையின் உயிர் அதில் இருக்கிறது.'

உறையில் போட்டு ஒட்டினேன். வண்டி நிலையத்துக்கு நடந்தேன் என்று சொல்ல முடியாது, ஓடினேன். ஓட்டுநர் ரிலுவான் கூரைமேல் மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். புழுதியில் அவர் தலையும் தோளும்தான் தெரிந்தன. இறங்கி வந்து முகவரியைப் படித்தார்.

"இவருக்கா? என்னம்மா, வாரத்துக்கு ரெண்டு லெட்டரா? போன வெள்ளிக்கிழமை ஒண்ணு கொண்டுபோய்க் குடுத்தேனே."

"நாங்க எதுவும் குடுக்கலையே, அண்ணே."

"உங்க வீட்டுப் பொண்ணுதான். இத்தனை உசரம் இருக்கும். லாபாக்கே பெரியம்மா குடுக்கச் சொன்னாங்கன்னு காலைல வந்து நீட்டுச்சு. நல்ல பிள்ளை. காசைக்கூட எண்ணி வெச்சிருந்துச்சு."

லாபாக்கே நான்தான். அந்த வெள்ளிக்கிழமை காலை முழுவதும் கெஹிண்டே என் மடியைவிட்டு இறங்கவில்லை. அவளுக்கு இன்னும் எழுதவும் தெரியாது.

"அவர் படிச்சாரா?" என்று கேட்டேன்.

"படிச்சாரே. ராத்திரி அவர் பட்டறையிலதான் படுத்தேன். காலைல பார்த்தா பழைய போன் ஒண்ணை வெச்சுத் தேய்ச்சுக்கிட்டிருக்கார். என்னப்பான்னு கேட்டேன். ஒரே படம் ரெண்டு ரெண்டா இருக்கு, ஒண்ணொண்ணு போதும்னு அண்ணி வீட்டுல சொல்லியனுப்பியிருக்காங்கன்னார்."

"முடிச்சுட்டாரா? அண்ணே, எல்லாத்தையும் முடிச்சுட்டாரா?"

"நான் வண்டி எடுக்கிறப்ப பாதி ஆகியிருக்கும். எந்திர வேலை வந்துடுச்சு, மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்னு சட்டைப் பைல போட்டுக்கிட்டார்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒரு அடி பின்னால் போனார். "ஏம்மா, தப்பா?"

கடிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். உறையைக் கிழியாமல் பிரித்தேன். அவர் காதில் இருந்த பேனாவை வாங்கி, வண்டியின் பக்கவாட்டில் தாளை வைத்து, அடியில் எழுதினேன். 'தம்பி, போன வாரக் கடிதம் நான் எழுதியதல்ல. மிச்சப் பாதியைத் தொடாதே. போனை எந்தப் பிள்ளை வந்து கேட்டாலும் கொடுக்காதே.'

ஒட்டுவதற்கு நாக்கில் ஈரம் இல்லை. ரிலுவான் தன் தண்ணீர்ப் பாக்கெட்டைக் கடித்து ஒரு சொட்டு விட்டார். உறையின் ஓரத்தை அழுத்தினேன். அது பிடிக்கும்வரை, பத்து விரலாலும் அழுத்திக்கொண்டே நின்றேன். பிறகு அவர் சட்டைப் பையில் நானே வைத்துப் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

வண்டி வடக்கே திரும்பியது. எட்டு மணி நேர வழி.