உடம்பு சொன்ன பெயர்

கோரின் அந்தத் தாளில் நான்கு என்றுதான் எழுதினாள்.

மூன்றுக்கும் எட்டுக்கும் நடுவில் ஏதாவது ஓர் எண்ணை எழுதி, மடித்து, தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் ஹார்லன். பொய் கண்டறியும் சோதனை நடத்த வெளியிலிருந்து வந்தவர். குரலை உயர்த்தாத மனிதர். அணைகளைச் சோதிக்கும் அந்த அரசு அலுவலகத்தில் பத்தொன்பது வருடங்களாக வேலை பார்த்தும், கீழ்த்தளத்தில் இப்படி ஓர் அறை இருப்பது கோரினுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. புதிதாக ஒட்டிய தரைவிரிப்பின் பசை நாற்றம் தொண்டையில் இறங்கியது. மேலே எங்கோ காற்றுக்குழாய் ஒன்று தூங்கும் ஆளைப் போல இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. மார்பைச் சுற்றி ஒன்றும் வயிற்றைச் சுற்றி ஒன்றுமாக இரண்டு ரப்பர் குழாய்கள், இடது கையில் இரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை, வலது கையின் இரண்டு விரல்களில் சில்லென்று இரண்டு உலோகத் தகடுகள். எதிரே வெறும் சுவர். ஹார்லன் அவளுக்குப் பின்னால் எங்கோ இருந்தார்.

"நான் எந்த எண்ணைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்லுங்க, மேடம். பொய் எங்க வருதுன்னு மெஷினே காட்டிடும். உங்களுக்கும் ஒரு நம்பிக்கை வரும்."

மூன்று. இல்லை. நான்கு. இல்லை. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. இல்லை, இல்லை, இல்லை, இல்லை.

"ஏழு எழுதியிருக்கீங்க."

கோரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிப்ரவரி மாதத்துச் சளியும் பயமுமாக விடிந்திருந்த அந்த நாளில் முதல் சிரிப்பு. "நான் நாலுல்ல எழுதினேன்."

"பிரிச்சுப் பாருங்க."

ஏழு. நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்ட ஏழு. நில அளவையாளராக இருந்த அப்பாவைப் பார்த்துப் பழகிய கோடு அது. அந்த அலுவலகத்தில் வேறு யாரும் அப்படி எழுத மாட்டார்கள். ஆனால் நான்கை எழுதிய அசைவு இன்னும் அவள் மணிக்கட்டில் இருந்தது. மேலிருந்து சாய்வாக இறங்கி, குறுக்கே போய், வெட்டி.

"மெஷின் தப்பு பண்ணாது," என்றார் ஹார்லன்.

நாற்பது பழைய அணைகளின் சோதனையை நிறுத்தச் சொல்லி இயக்குநர் எழுதிய கடிதம் மூன்று வாரத்துக்கு முன்னால் செய்தித்தாளில் வந்திருந்தது. கொடுத்தது யார் என்று தெரிந்தாக வேண்டும் என்றார் இயக்குநர். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். இந்த மெஷின் சொல்வதை நீதிமன்றம் ஏற்காது என்பது எல்லாருக்கும் தெரியும். மாடியில் இருக்கும் மேலதிகாரிகள் ஏற்பார்கள் என்பதும் தெரியும்.

"கடிதத்தை வெளியில கொடுத்தீங்களா?"

"இல்லை."

"கொடுத்தது யாருன்னு தெரியுமா?"

"இல்லை."

"இயக்குநரைப் பத்திக் கேலியா பேசியிருக்கீங்களா?"

சாப்பாட்டு அறை நினைவுக்கு வந்தது. சுவரில் மாட்டியிருந்த இயக்குநரின் படத்தைப் பார்த்துத் தோழி ஒடெஸ்ஸா சொன்னது: 'ஏன்டி, இந்தாளு சிரிப்பைப் பாரேன், பல் டாக்டர் கடை போர்டு மாதிரி இல்ல?' அன்றைக்கு இரண்டு பேரும் காபி மூக்கில் ஏறும்வரை சிரித்தார்கள்.

"இல்லை," என்றாள் கோரின்.

நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பட்டை இறுகியது. கை மரத்து, விரல் நுனிகள் நாவல்பழ நிறத்துக்கு வந்தன. ஐந்தாவது சுற்றில் ஹார்லன் கேள்வி எதுவும் கேட்கவில்லை. "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். பேரை மட்டும் வாசிக்கிறேன். கேட்டுட்டு இருங்க," என்றார்.

அவள் பிரிவில் இருந்த பதினான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாக, நடுவில் நீண்ட இடைவெளி விட்டு வாசித்துக்கொண்டே வந்தார். கடைசியில் மிச்சம் இருந்த பெயர் யாருடையது என்று கோரினுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெயர் வரக்கூடாது, வரக்கூடாது என்று நினைக்க நினைக்க நெஞ்சு அடித்துக்கொண்டது. பத்தொன்பது வருடம் பக்கத்து மேசையில் இருந்தவள். கோரினின் கணவன் விட்டுவிட்டுப் போன குளிர்காலத்தில், தினமும் ஒரு தூக்கில் நண்டு சூப் கொண்டு வந்து, குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றவள்.

"ஒடெஸ்ஸா டாலிவர்."

இடைவெளி. காற்றுக்குழாய் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"நன்றி, மேடம்," என்றார் ஹார்லன்.

"நான் எதுவும் சொல்லலையே!"

"நீங்க சொல்லல. உங்க உடம்பு சொல்லிடுச்சு."

மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு காவலர்கள் ஒடெஸ்ஸாவைக் கீழே அழைத்துப் போனார்கள். மதியம் இரண்டு மணிக்கு அவள் மேசைக்கு வந்தது, அவள் பொருட்களை அள்ளிப்போட ஓர் அட்டைப்பெட்டி மட்டும்தான். வேலை போய்விட்டது. கோரின் மாடிப்படிக்கு ஓடினாள். வாசல் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், சகதிப் பனியில், கோட்டைக்கூட மாட்டாமல் கையில் பிடித்தபடி ஒடெஸ்ஸா நடந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால் கோரினால் தாங்கியிருக்க முடியும். இருந்தது குழப்பம். தன் வீட்டு எண்ணை மறந்தவளைப் போல.

இரண்டு வாரம் கோரினால் அவளை அழைக்க முடியவில்லை. போனை எடுப்பாள். வைப்பாள். ஒரு சனிக்கிழமை மதியம் நேராக வீட்டுக்கே போய்விட்டாள். ஒடெஸ்ஸாவின் கணவன் கர்டிஸ் நகரப் பேருந்து ஓட்டுகிறவர், வேலைக்குப் போயிருந்தார். எப்போதும் ஏதாவது கொதிக்கும் அந்தச் சமையலறையில் அடுப்பு துடைத்துவைத்தாற்போல் இருந்தது. ஈரத்துணி வாடை. வெளியே ஓட்டிலிருந்து பனி உருகிச் சொட்டும் சத்தம், ஒரே அளவில், ஒரே இடைவெளியில்.

"வாடி," என்றாள் ஒடெஸ்ஸா. எழுந்திருக்கவில்லை. இரண்டு பாதங்களையும் தரையில் சமமாக ஊன்றி, உள்ளங்கைகளை மேசைமேல் மல்லாத்தி வைத்திருந்தாள். "இப்படி உக்காந்தாதான் சரியா இருக்கு."

"ஒடெஸ்ஸா, நான் உன் பேரைச் சொல்லலை."

"எனக்குத் தெரியாதா? உன் நெஞ்சு துள்ளிச்சுன்னான் அந்த ஹார்லன். அவ்வளவுதானே."

"உனக்காகப் பயந்துதான்டி துள்ளிச்சு."

"அதுவும் தெரியும். ஆனா அந்த மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது பாரு. பயந்தாலும் ஒரே கோடுதான், பாசமா இருந்தாலும் ஒரே கோடுதான்." கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கோரின், யார்கிட்டயும் சொல்லாத. நான் அவனைப் பாத்தேன்னு நினைக்கிறேன்."

"யாரை?"

"அந்த லெட்டரை வாங்கிக்கிட்ட பேப்பர் நிருபரை."

பனி சொட்டியது. சொட்டியது.

"நாலு வாட்டி இல்லைன்னேன். நாலு வாட்டியும் பொய்னான். அஞ்சாவது வாட்டி கேட்டப்ப மழை பெய்ய ஆரம்பிச்சுது. இங்க, மண்டைக்குள்ள. ஒரு கார் நிறுத்துற இடம். அவன் காக்கிக் கலர் கோட்டு போட்டிருந்தான். கவரோட ஓரம் நனைஞ்சிருந்துச்சு. தினமும் கொஞ்சம் கொஞ்சமா கூடுதுடி. நேத்து அவனோட வாட்ச் தெரிஞ்சுது."

"எந்த நாளு?"

"ஜனவரி பதினெட்டு. சாயங்காலம்."

"பைத்தியமே! அன்னிக்கு என் தங்கச்சி பொண்ணு கல்யாணம்! நீ என் கூடத்தான் இருந்தே. செருப்பைக் கழட்டி வீசிட்டு ஆடினியே, மாப்பிள்ளையோட தாத்தாவை இழுத்துட்டுப் போய் ஆடினியே!"

"ஆடினேனா?" ஒடெஸ்ஸாவின் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. தேடினாள். உதடுகள் அசைந்தன. வெளிச்சம் போய்விட்டது. "அது ஞாபகம் வரலையேடி."

"இரு, போட்டோ இருக்கு. காட்டறேன்."

கோரின் போனில் தேடினாள். அந்தப் படம் அவளுக்கு மனப்பாடம். கல்யாண மண்டபத்தின் விளக்குகள், மணப்பெண், தங்கை, ஊதா கவுனில் கோரின், அவள் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்து சிரிக்கும் ஒடெஸ்ஸா.

விளக்குகள் இருந்தன. மணப்பெண் இருந்தாள். தங்கை இருந்தாள். ஊதா கவுனில் கோரின் இருந்தாள், பக்கத்தில் இருப்பவளின் தோளை அணைத்ததுபோல் வலது கையை வளைத்து. அந்தக் கைக்குள் ஒன்றுமில்லை. பின்னால் இருந்த மேசைவிரிப்பின் பூக்கள் தெளிவாகத் தெரிந்தன.

போனைக் கவிழ்த்தாள்.

"என்ன?" என்றாள் ஒடெஸ்ஸா. அவ்வளவு ஆசையாக.

"சார்ஜ் போயிடுச்சு," என்றாள் கோரின்.

அந்தப் பத்தொன்பது வருடங்களில் அவள் தன் தோழியிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

ஒன்பது நாள் கழித்து, மதியப் பணி முடிந்து வந்த கர்டிஸ், மனைவி சமையலறை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பாதங்கள் தரையில். உள்ளங்கைகள் மேலே பார்த்தபடி. இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். ஐம்பத்து மூன்று வயது. எந்த நோயும் கிடையாது.

அதற்கடுத்த நாள் அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. கடிதம் வெளியானது இயக்குநரின் சொந்த அலுவலகத்திலிருந்துதான், உதவியாளர் ஒருவர் தவறுதலாக வெளியாட்கள் இருந்த மின்னஞ்சல் பட்டியல் ஒன்றுக்கு அனுப்பிவிட்டார், விசாரணை முடிந்தது. மூன்று வரி. ஒடெஸ்ஸாவின் பெயர் எங்கும் இல்லை. கோரின் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் கல்யாணப் படத்தைத் திறந்தாள். இப்போதாவது வந்திருப்பாள். இப்போதாவது.

மேசைவிரிப்பின் பூக்கள்.

அன்றைக்கு மேசைக்குத் திரும்பி வரும்போதுதான் அது முதல் தடவையாகக் கேட்டது. காதில் இல்லை, நினைவில். கீழ்த்தள அறை, பசை நாற்றம், எதிரே சுவர், மரத்துப்போன கை. அப்புறம் ஒரு பெண்ணின் குரல், மெதுவாக, தெளிவாக: 'ஒடெஸ்ஸா டாலிவர்.' ஹார்லனின் குரல் இல்லை. தன்னுடையது. இல்லை என்று தலையை உலுக்கினாள். மறுநாள் அந்த நினைவில் தன் நாக்கு மேலண்ணத்தைத் தொட்ட இடம்கூடத் தெரிந்தது. அதற்கு மறுநாள், சொல்லி முடித்ததும் உடம்பில் பரவிய நிம்மதி தெரிந்தது. அதுதான் அவளைப் படுக்கையில் சுருட்டிப் போட்டது. அந்த நிம்மதி.

வெள்ளிக்கிழமை மதியம் உடலைப் பார்வைக்கு வைத்தார்கள். இறுதிச்சடங்கு வீட்டின் நீளமான கூடத்தில் லில்லிப் பூக்களின் வாசனை அளவுக்கு மீறி இனித்தது. ஹீட்டர் எங்கோ டொக், டொக் என்றது. தேவாலயத்துப் பெண்கள் வந்து, அழுது, கர்டிஸின் கையைப் பிடித்துவிட்டு, சாப்பாடு வைத்திருந்த அடுத்த அறைக்குப் போனார்கள். கோரின் கடைசியாக வந்தாள். வரும்போது கூடத்தில் கர்டிஸ் மட்டும் இருந்தார். பேருந்து ஓட்டிப் பழகிய பெரிய கைகள் சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தன.

நீலப் பட்டு உடையில் ஒடெஸ்ஸா. உதட்டுச்சாயம் அவளுக்குப் பிடிக்காத நிறம். கோரின் குனிந்து அவள் நெற்றியைத் தொட்டாள். கல் மாதிரி இருந்தது.

"கோரின்," என்றார் கர்டிஸ். திரும்பவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ என்ன சொன்னாலும் நம்புவேன். அவ கடைசி வரைக்கும் உன்னைத்தான் பேசிட்டிருந்தா. நல்லதாத்தான் பேசினா. அதனால கேக்கறேன்."

"கேளு, கர்டிஸ்."

"அவ பேரை நீ சொன்னியா?"

வாயைத் திறந்தாள். சொல்லவில்லை, அது அவளுக்குத் தெரியும். சொன்ன நினைவும் இருந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே கையெழுத்தில். ஹீட்டர் நின்றுவிட்டது. கர்டிஸ் இப்போது திரும்பி, சிவந்த கண்களால், ஒரு குழந்தையைப் போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியின் பக்கம் அவர் பார்வை இல்லை.

"இல்ல," என்றாள் கோரின்.

நீலப் பட்டு அசைந்தது.

காற்று இல்லை. கதவு சாத்தியிருந்தது. மேலே மடித்துவைத்த இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, ஒடெஸ்ஸாவின் மார்பு மெல்ல மெல்ல எழுந்தது. முழு மூச்சு. மெஷினில் பொய்க்கு எழும் கோடு போல, அவ்வளவு உயரத்துக்கு.

எழுந்து, அப்படியே நின்றது.

இறங்கவில்லை.