நிற்க மாட்டேன் என்ற கார்

"புகைக்குழாயை அடை, சில்வண்டு. சீக்கிரம்."

மாமா சொல்லி முடிப்பதற்குள் அவள் பாய்ந்துவிட்டாள். கையில் பழைய துணி. முன்னால், முழங்கை நீளமே உள்ள சிவப்புக் கார் ஷெட் சுவரை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

எட்டிப் பிடித்துப் பின்பக்கத்தைத் தூக்கினாள். சக்கரங்கள் காற்றில் சுழன்றன. துணியைப் புகைக்குழாயில் அழுத்தினாள். இன்ஜின் ஒருமுறை விக்கியது. அடங்கியது.

"ரிமோட்டை ஏன் மாமா அமுக்கினீங்க?"

மாமா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். வெறுங்கை. ரிமோட் தூரத்து மேசைமேல் கிடந்தது.

சில்வண்டு காரையும் ரிமோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நின்னுடுச்சா?" என்று வெளியே மாடிப்படியிலிருந்து ஒரு குரல். தங்கை பொடிசு. ஒன்றாம் வகுப்பு. கார் என்றால் அவளுக்கு உயிர்.

"நிறுத்திட்டேன். நீ மேல போ."

இந்த வாரம் இப்படி நடப்பது முதல் முறை அல்ல.

அது பேட்டரி பொம்மை இல்லை. நைட்ரோ எரிபொருளில் ஓடும் நிஜ இன்ஜின் அதற்கு உண்டு. கார் சும்மா நிற்கும்போது இன்ஜின் மெல்ல உறுமிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் ஐட்லிங். கார்புரேட்டரில் இருக்கும் ஒரு குட்டித் திருகாணியை இறுக்கினால் உறுமல் கூடும். அளவுக்கு மீறிக் கூடினால் கிளட்ச் பிடித்துக்கொள்ளும், சக்கரம் தானாகச் சுழலும்.

திருகாணியைத் திருப்புவது சில்வண்டின் வேலை. வாய் ஓயாது பேசுவதால் வந்த பெயர் அது. ஆனால் இன்ஜின் சத்தத்தைக் கேட்கும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வாள்.

"நேத்து சரியாத்தான் வெச்சேன், மாமா."

"நீ வெச்சே. அது கேக்கலையே. யார் கால்லயாவது ஏறியிருந்தா? நிக்கச் சொன்னா நிக்காத வண்டி நமக்கு எதுக்கு? இதை வாங்கின கடைக்காரர்கிட்டயே திருப்பி வித்துடறேன்னு சொல்லிட்டேன். நாளைக்குச் சாயங்காலம் எடுத்துட்டுப் போயிடுவார்."

"மாமா..." அதற்குமேல் வரவில்லை. சில்வண்டுக்கே பேச்சு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரைத் திருப்பிப் பார்த்தாள். திருகாணியின் தலையிலும் அதைச் சுற்றியுள்ள கார்புரேட்டர் விளிம்பிலும் அம்மாவின் நகப்பூச்சால் இரண்டு புள்ளிகள் வைத்திருந்தாள். நேற்று அவை நேருக்கு நேராக இருந்தன. இன்று இல்லை.

"புள்ளி விலகியிருக்கு, மாமா."

"ஓடற அதிர்வுல கழண்டிருக்கும்."

"கழண்டா லூசாத்தானே ஆகும்? இது இறுகியிருக்கே."

மாமா குனிந்து புள்ளிகளைப் பார்த்தார்.

"ஷெட்டை நானேதானே பூட்டினேன்" என்றார் மெதுவாக. "ஷட்டர் கடைசிவரை இறங்காது, சரி. ஆனா அந்த இடுக்குல பூனைதான் நுழையும்."

"பூனை ஸ்க்ரூடிரைவர் பிடிக்காது, மாமா."

இருவரும் அந்த இருட்டு இடுக்கையே பார்த்தார்கள்.

மறுநாள் பள்ளி விட்டதும் சில்வண்டு ஷெட்டுக்குள் போனாள். திருகாணியைப் பழையபடி திருப்பினாள். ஷட்டரை உள்ளிருந்து இழுத்து இறக்கிவிட்டு, பழைய டயர்களுக்குப் பின்னால் குந்தினாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டுக்குள் எரிபொருளின் நெடி. தரையில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம்.

அந்தக் கோடு திடீரென்று மறைந்தது.

சரக்... சரக்... எதுவோ தரையோடு தரையாக உள்ளே வந்தது. மூச்சு வாங்கும் சத்தம். பிறகு இரும்பில் இரும்பு உரசும் சத்தம்.

"பயப்படாதே" என்றது ஒரு ரகசியக் குரல். "நான் இருக்கேன்ல. இன்னிக்கும் தப்பிச்சிடுவே."

சில்வண்டு டார்ச்சைப் போட்டாள்.

கார் பக்கத்தில், வயிறு முழுக்கப் புழுதியோடு, ஸ்க்ரூடிரைவரும் கையுமாகப் பொடிசு.

வந்த கோபத்துக்கு ஒரு குட்டு வைத்திருக்கலாம். ஆனால் அந்தச் சின்ன உதடு பிதுங்கிவிட்டது.

"அழாதே. அடிக்க மாட்டேன்" என்றாள் சில்வண்டு. "எந்தப் பக்கம் திருப்பணும்னு யார் சொன்னா?"

"நீ திருப்பறதைப் பார்த்தேன்."

"ஏன்டி திருப்பினே?"

பொடிசு தலையை ஆட்டினாள். "மாமாகிட்டதான் சொல்லுவேன்."

"சரி. இப்ப உன் கையாலயே புள்ளிக்கு நேரா கொண்டு வா. மெதுவா."

சாயங்காலம் கடைக்காரர் குடையோடு வந்து நின்றார்.

"ஒரே ஒரு தடவை, மாமா" என்று கெஞ்சினாள் சில்வண்டு.

மாமா இன்ஜினைக் கிளப்பினார். அது சூடாகும்வரை சில சுற்று ஓட்டினார். பிறகு நடுத்தரையில் நிறுத்தி, ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டு விலகினார்.

கார் உறுமியது. உடம்பு லேசாக நடுங்கியது. சக்கரம் அசையவில்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அசையவே இல்லை.

மாமா சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "மன்னிச்சுக்கங்க. இது இங்கேயே இருக்கட்டும்."

"உங்களுக்கு மனசு வராதுன்னு எனக்குத் தெரியும்" என்றார் கடைக்காரர். "அதான் நான் பெட்டியே எடுத்துட்டு வரலை."

அவர் போனதும் மாமா திரும்பினார். "திருகாணியைத் திருப்பின பேயைப் பிடிச்சுட்டியா?"

சில்வண்டு பொடிசின் தோளைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். "திட்டக் கூடாது, மாமா."

மாமா பொடிசின் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தார். "திட்டலை. ஏன் கண்ணு அப்படிப் பண்ணே?"

"போன வாரம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே பொசுக்குனு இன்ஜின் அணைஞ்சு போச்சுல்ல, அப்ப நீங்கதானே சொன்னீங்க."

"என்ன சொன்னேன்?"

"'இன்னொரு தடவை நின்னுச்சுன்னா இதை வித்துடுவேன்'னு. அதான் நிக்காம பாத்துக்கிட்டேன்."